செல் கொடுத்தால்தான் மெஷின் எடுக்கும்

டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு அன்றாட வேலை தண்ணீரில் தொடங்கும். முதல் ஷிஃப்ட் ஆட்கள் வந்து எடை மெஷினில் ஏறுவதற்கு முன்பே ஆர்.ஓ. அறையைத் திறந்து, கார்பன் தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்தால், நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ஓடும். ஒரு மாதம் முழுக்க நாம் குடிப்பதைவிட அது அதிகம். குடிக்கிற தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே குடல் என்ற காவல் இருக்கிறது. இங்கே நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு மட்டும்தான். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அந்தச் சவ்வைத் தாண்டிவந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஊசி குத்தப் பழகுவதில்தான் ஆசை. டயாலிசிஸுக்காக நோயாளியின் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவில் கையை வைத்து, உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவதை உணர்ந்து, பதினாறாம் நம்பர் ஊசியை ஒரே குத்தில் ஏற்றிவிட்டால் தொழில் கைவந்துவிட்டது என்று நினைப்பார்கள். நான் அவர்களை முதலில் மெஷினின் கண்டக்டிவிட்டி எண்ணுக்கு முன்னால் நிறுத்துவேன். ஆர்.ஓ. தண்ணீரோடு பார்ட் ஏ, பார்ட் பி என்ற இரண்டு கரைசல்களையும் மெஷின் தானே கலக்கிறது. கலந்து வரும் திரவத்தின் உப்புச் செறிவு இரத்தத்தின் செறிவை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த எண் 14-ஐ ஒட்டி நிற்கும். கேன் காலியாகியோ குழாய் கழன்றோ எண் இறங்கினால் அலாரம் அடித்து, திரவம் அந்தச் சவ்வு இருக்கும் டயலைசருக்குள் போகாமல் மெஷின் வேறு வழியில் திருப்பிவிடும்.

திருப்பாவிட்டால் என்ன நடக்கும்? உப்பில்லாத தண்ணீர் சவ்வைத் தாண்டி இரத்தத்தில் கலக்கும். பிளாஸ்மா நீர்த்துப்போகும். சிவப்பணுவின் உள்ளே உப்பும் புரதமும் செறிவாக இருப்பதால் தண்ணீர் அதற்குள் பாயும். அணு வீங்கும், வெடிக்கும். பள்ளியில் ஆஸ்மாசிஸ் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அது கண்ணெதிரே நடக்கும். லைனில் ஓடுகிற இரத்தம் அடர்த்தி இழந்து, ஒளி ஊடுருவுகிற சிவப்பாக மாறிவிடும். அந்த நிறத்தைக் கண்டால் உடனே பம்பை நிறுத்தி இரண்டு கிளாம்பையும் போட வேண்டும். லைனில் இருக்கும் இரத்தத்தை ஒரு சொட்டுகூட உடம்புக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. “ஏன் சார், இரத்தம் வீணாப் போகுமே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடைந்த அணுக்கள் தமக்குள் வைத்திருந்த பொட்டாசியம் முழுவதையும் அந்த இரத்தத்தில் கொட்டியிருக்கும். அது போய்ச் சேரும் முதல் இடம் இதயம். இந்த ஒரு பதிலில் எங்கள் தொழிலின் பாதிப் பாடம் இருக்கிறது.

சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஏழெட்டுக் கூறு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று அதைக் கட்டியிருக்கின்றன. ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் அந்தக் கொழுப்பில் கரைந்து தாமாகவே கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டம் கொண்ட அயனிகளுக்கு அந்த வழி கிடையாது. சவ்வில் ஆங்காங்கே பதிந்திருக்கும் புரதங்கள்தான் அவற்றுக்கு வாசல். தண்ணீருக்கும் தனி வாசல் உண்டு. அதைப் பீட்டர் அக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானி சிவப்பணுவில்தான் கண்டுபிடித்தார். 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவுக்கும் சிவப்பணுவில் ஒரு வாசல் இருக்கிறது. அதனால் டயலைசரைக் கடந்துபோகும் சில நொடிகளுக்குள்ளேயே அணுவுக்குள் இருக்கும் யூரியாவும் வெளியே வந்துவிடுகிறது. கிரியாட்டினினுக்கும் பாஸ்பேட்டுக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. அவை பெரும்பாலும் பிளாஸ்மாவில் இருக்கும் அளவுக்குத்தான் அகப்படும்.

எங்கள் டயலைசரின் சவ்வுக்கு இத்தனை நுட்பம் இல்லை. ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் உருளைக்குள் பத்தாயிரம் இழைகளைக் கட்டி அடைத்திருப்பார்கள். ஒவ்வோர் இழையும் நடுவே துளையுள்ள குழல், துளையின் விட்டம் 0.2 மில்லிமீட்டர். குழலுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓடும், வெளியே திரவம் எதிர்த்திசையில் ஓடும். குழலின் சுவரில் இருப்பவை வெறும் ஓட்டைகள். யூரியாவின் மூலக்கூறு எடை 60, கிரியாட்டினினின் எடை 113, இரண்டும் தாராளமாகக் கடக்கும். அல்புமினின் எடை 66,000, அது உள்ளேயே தங்கிவிடும். இரத்தத்தில் அதிகமாகவும் திரவத்தில் குறைவாகவும் எது இருக்கிறதோ அது வெளியேறும். திரவத்தில் அதிகமாக இருக்கும் பைகார்பனேட் இரத்தத்துக்குள் வரும். அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போவது ஒன்றுதான் அங்கே சட்டம். ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரஹாம் 1861-இல் தாவரத்தோல் காகிதத்தைக் கொண்டு இந்தப் பிரிப்பைச் செய்து காட்டியபோதும் இதே சட்டம்தான். 1943-இல், நாஜிகளின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரத்தில், வில்லம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் செலஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி உப்புத் தண்ணீரில் உருட்டி நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டியபோதும் அதுதான். அவர் சிகிச்சை செய்தவர்களில் முதன்முதலாகப் பிழைத்து எழுந்தவர் 67 வயதுப் பெண்மணி ஒருவர். அது 1945-இல் நடந்தது.

செல்லின் சவ்வு இந்தச் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்படுவதில்லை. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கௌ என்பவர் நண்டுக் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்தபோது, சவ்வில் ஒரு பம்ப் இருப்பதைக் கண்டார். 1957-இல் அதை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல் நோபல் வந்தது. அந்தப் பம்ப் ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளுகிறது, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. மேட்டில் ஏற்றுகிற வேலை இது. இதனால் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவிலும், வெளியே இரத்தத்தில் 4 என்ற அளவிலும் நிற்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவரின் உடம்பில் ஏறத்தாழ 3000 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும். அதில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள். மெஷினுக்கு எட்டுவது மீதி இரண்டு பங்கு. பத்தாயம் நிறைய நெல் இருக்க, முற்றத்தில் சிந்திய பிடி நெல்லை அள்ளுகிற வேலைதான் எங்களுடையது. ஒரு தடவை டயாலிசிஸில் நாங்கள் எடுக்கும் பொட்டாசியம் 70 முதல் 100 மில்லிமோல் வரை. அந்த அளவு எடுக்க வேண்டுமென்றால் உள்ளேயிருந்தும் கொஞ்சம் வெளியே வந்தாக வேண்டும்.

இது ஏட்டுப் படிப்பில்லை என்பது திங்கட்கிழமை காலைகளில் புரியும். திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவது வார இறுதியில்தான். அப்படியொரு திங்களன்று லாரி ஓட்டுநர் ஒருவரை மகனும் மருமகனும் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்று வெள்ளிக்கிழமையே வரவில்லை. காலில் வலுவில்லை, பேச்சு குழறியது. ஈ.சி.ஜி.யில் டி அலைகள் கோபுரமாக நின்றன. மருத்துவர் முதலில் கால்சியம் குளுக்கோனேட் போடச் சொன்னார். பிறகு 10 யூனிட் இன்சுலினும் கூடவே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியும். நெபுலைசரில் சால்புடமால்.

மகன் என்னைத் தனியாக இழுத்தார். “அண்ணே, எங்கப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாதே. எதுக்கு இன்சுலின் போடுறாங்க?”

கேட்க வேண்டிய கேள்விதான். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசையின் சவ்வை நிலைப்படுத்தி, பொட்டாசியத்தின் அடியை இதயம் தாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கிறது. இன்சுலின் செல்லிடம் போய் அந்தச் சோடியம் பொட்டாசியம் பம்பை முடுக்கிவிடுகிறது. இரத்தத்தில் மிதக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் போகிறது. இன்சுலினால் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் டெக்ஸ்ட்ரோஸ். சால்புடமால் முடுக்குவதும் அதே பம்பைத்தான். இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அரை மணி நேரத்தில் அலைகள் படிந்தன, ஓட்டுநருக்குப் பேச்சும் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. “அப்பா நல்லாயிட்டாரே, இன்னைக்கு டயாலிசிஸ் வேணுமா?”

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பொட்டாசியம் உடம்பை விட்டு ஒரு துளியும் போகவில்லை, உள்ளே போய் ஒளிந்திருக்கிறது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் இன்சுலினின் வேலை முடிந்துவிடும், பொட்டாசியம் மறுபடி வெளியே வரத் தொடங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. செல்லுக்குள் தள்ளிவிட்ட பொட்டாசியம் மெஷினின் கைக்கும் எட்டாது. அதனால் இன்சுலின் போட்டபின் செய்கிற டயாலிசிஸில் அள்ளுகிற அளவும் குறையும், முடிந்த சில மணி நேரத்தில் அளவு திரும்ப ஏறவும் செய்யும். மெஷின் தயாராக இருந்து, இதயமும் தாங்குமென்றால், நேராக டயாலிசிஸுக்கே போய்விடலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த லாரி ஓட்டுநரை அன்று முழு நேரமும் படுக்க வைத்தோம். சாயங்காலம் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபிறகே அனுப்பினோம்.

இரத்தம் எடுப்பதிலும் செல் தன் குணத்தைக் காட்டும். கையில் ரப்பர் பட்டையை இறுகக் கட்டி, மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சி, குழாயில் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். லேபிலிருந்து ‘ஹீமோலைஸ்டு’ என்று குறித்து வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. ஆனால் ஈ.சி.ஜி.யைப் பார்க்காமல் தள்ளிவிடவும் கூடாது.

நோயாளிகளோடு எனக்கு நடக்கும் பெரும்பாலான பேச்சு சமையலறையைப் பற்றியது. சித்திரை, வைகாசி வந்தால் இளநீர், மாம்பழம். “இளநி உடம்புக்குக் குளிர்ச்சிதானே தம்பி” என்பார்கள். நூறு மில்லி இளநீரில் 250 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்கிறவருக்கு அது நல்லது, சிறுநீரே போகாதவருக்கு அது விஷம். காய்கறியை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டால் பொட்டாசியம் போய்விடும் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். பச்சை உருளைக்கிழங்கில் செல்கள் முழுசாக இருக்கின்றன. கத்தி பட்ட மேற்பரப்பில் உடைந்த செல்களிலிருந்து மட்டும்தான் பொட்டாசியம் கழியும், உள்ளே இருப்பவை தம் சரக்கை விடாது. கொதிநீரில் சவ்வு குலைந்த பிறகே வெளியே வரும். எனவே சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு தாளியுங்கள். கொட்டிய தண்ணீரைச் சத்து என்று ரசத்தில் சேர்த்தால் செய்ததெல்லாம் வீண். கடைகளில் ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பையும் வாங்க வேண்டாம். பிரஷருக்கு நல்லது என்று பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தைப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு போட்டு நிரப்பியிருப்பார்கள்.

முதல் டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் குடும்பத்தாருக்கு வேறொரு கவலை. யூரியா 300 என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். மருத்துவரோ இரண்டு மணி நேரம் போதும், பம்ப் வேகத்தையும் குறைத்து வை என்று எழுதியிருப்பார். பணத்துக்காக நாளைக்கும் வரச் சொல்கிறார்கள் என்று முணுமுணுப்பு எழும். நாள்கணக்காக ஏறிய யூரியா மூளைச் செல்களுக்குள்ளும் ஏறியிருக்கிறது. இரத்தத்திலிருந்து அதை வேகமாக உருவிவிட்டால், மூளையிலிருந்து யூரியா அதே வேகத்தில் வெளியே வர முடியாது. தண்ணீர் மட்டும் வேகமாகப் போகும். செறிவு அதிகமாக இருக்கிற இடத்தைத் தேடித் தண்ணீர் மூளைக்குள் போனால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, சில சமயம் வலிப்பு. இவற்றைத் தவிர்க்கத்தான் முதல் நாளில் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று போகிறோம். சிவப்பணு சில நொடிகளில் யூரியாவைக் கொடுத்துவிடுகிறது, மூளை நிதானமாகத்தான் கொடுக்கும். ஒரே உடம்புக்குள் ஒரே பொருளுக்கு இப்படி வெவ்வேறு வேகம்.

பழகிய நோயாளிகளிடம் சிக்கல் நேர்மாறானது. மூன்றரை மணி நேரம் ஆனதும் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். “தம்பி, ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக ராத்திரியாகிடும். அரை மணிதானே, எடுத்துவிடேன்” என்பார்கள். மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆள் தெளிவாக இருக்கிறார், எடுத்தால் என்ன என்று டெக்னீஷியனுக்கும் தோன்றும். நான் வேலை பார்த்த தனியார் மையம் ஒன்றில் ஒரு நாளைக்கு ஒரு ஷிஃப்ட் கூடுதலாக ஓட்டுவதற்காக எல்லோருக்குமே மூன்றரை மணி என்று வைத்திருந்தார்கள். கேட்டால், யூரியா குறைந்திருக்கிறதே, பாருங்கள் என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள்.

யூரியாவின் கணக்கு வேறு, தண்ணீரின் கணக்கு வேறு, பாஸ்பேட்டின் கணக்கு வேறு. தண்ணீரைப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ளவர் மூன்று லிட்டர் ஏற்றிக்கொண்டு வருகிறார். அவருடைய இரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவே ஏறத்தாழ மூன்று லிட்டர்தான். நாங்கள் உறிஞ்சுவது அந்தப் பிளாஸ்மாவிலிருந்து. திசுக்களின் இடைவெளிகளில் தேங்கிய நீர் பின்னாலேயே வந்து இரத்தக் குழாயை நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான் ஆள் பிழைக்கிறார். நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் என்றால், கிலோவுக்கு மணிக்கு 12.5 மில்லி. அதையே மூன்றரை மணியில் எடுத்தால் 14.3. மணிக்கு 13-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்பதே தொழிலில் நாங்கள் வைத்திருக்கும் எல்லை. பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் தசை கல்லாகப் பிடித்துக்கொள்ளும், ஆள் அலறுவார். அப்போது செறிவான டெக்ஸ்ட்ரோஸை ஏற்றுவோம். அந்தச் சர்க்கரை, செல்களிலிருந்தும் திசுக்களிலிருந்தும் தண்ணீரை இரத்தத்துக்கு இழுத்து வரும். அவசரப்பட்டு எடுத்ததற்கு அவசரமாகத் தேடும் மருந்து அது.

பாஸ்பேட் இன்னும் பிடிவாதம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு சரசரவென்று இறங்கும், பிறகு அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர் நினைப்பார். நாங்கள் எடுக்க எடுக்க எலும்பிலிருந்தும் செல்களிலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால்தான் எண் நிற்கிறது. அந்த நிற்கிற எண்ணுக்கு அடியில்தான் மெஷின் உண்மையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பம்ப் வேகத்தைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். பிரான்ஸில் தாசேன் என்ற ஊரில் வாரம் மூன்று முறை, தடவைக்கு எட்டு மணி நேரம் என்று பல ஆண்டுகள் செய்து பார்த்தார்கள். அங்கே பெரும்பாலான நோயாளிகளுக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்படவில்லை. நம்மால் எட்டு மணி நேரம் முடியாது. படுக்கையும் இல்லை, ஆளும் இல்லை. காத்திருப்போர் பட்டியலைச் சமாளிக்க, வாரம் மூன்று முறை வர வேண்டியவருக்கு இரண்டு முறைதான் பல இடங்களில் கிடைக்கிறது. அந்த இரண்டிலும் அரை மணி குறைந்தால் மிஞ்சுவது என்ன?

டெக்னீஷியனாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மெஷினின் திரையில் தெரியும் எண்களெல்லாம் இரத்தத்தையும் திரவத்தையும் பற்றியவை, செல்லைப் பற்றி அந்தத் திரைக்கு ஒன்றும் தெரியாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மையம் நடத்துகிறவர்கள் ஷிஃப்டைக் கூட்ட வேண்டுமென்றால் மெஷினைக் கூட்டட்டும், நேரத்தைக் குறைக்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு டயாலிசிஸுக்காக நகை அடகு வைப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். கிடைத்த இலவசம் முழுதாகக் கிடைக்க வேண்டும்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்: உங்கள் சீட்டில் நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தால் நான்கு மணி நேரமும் இருங்கள். பஸ் நேரம் இடித்தால் ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மருத்துவர் சொல்லாமல் ஒரு நிமிடமும் குறைக்க வேண்டாம்.